நாத்தனார் திருத்திய பழைய இங்கிலீஷ்

எங்கள் ஆபீஸில் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மரியாதை கிடையாது. பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் மரியாதை. ‘படிக்காதே, பார்’ என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியே மாட்டியிருக்கிறார்கள். புதிதாகச் சேர்கிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். கொஞ்ச நாள் வேலை பார்த்த பிறகு சிரிப்பு அடங்கிவிடும்.

வேலை இதுதான். இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அச்சடித்த இங்கிலீஷ் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதைத் திரையில் பார்த்து ஓர் எழுத்துக்கூட மாறாமல் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்து இங்கிலீஷ்காரர்கள் ஸ்பெல்லிங் விஷயத்தில் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை. மியூசிக் என்று எழுதிவிட்டு அதன் வாலில் ஒரு ‘கே’யைச் சும்மா உட்காரவைப்பார்கள். பப்ளிக்குக்கும் அதே ‘கே’. சோப்பின் நடுவில் இருக்க வேண்டிய ‘ஏ’ காணாமல் போயிருக்கும், கடைசியில் கேட்பாரில்லாமல் ஒரு ‘ஈ’ நிற்கும். ஒரே பக்கத்தில் ஒரே வார்த்தையை மூன்று விதமாக எழுதிவிட்டு, அதைப் பற்றிய கவலையே இல்லாமல் அடுத்த வரிக்குப் போயிருப்பார்கள். போதாக்குறைக்கு, வார்த்தைக்கு நடுவில் வரும் ‘எஸ்’ அச்சு அசல் ‘எஃப்’ போலவே நீட்டி நிமிர்ந்து நிற்கும். அதில் ஒரு தரமாவது விழாமல் யாரும் இந்த வேலையைக் கற்றுக்கொண்டதில்லை.

இதில் எதையும் நாங்கள் திருத்தக் கூடாது. மற்ற இடங்களில் தப்பாக அடித்தால் திட்டு விழும், எங்களிடம் சரியாக அடித்தால் விழும். எங்கள் சூப்பர்வைசர் வாயைத் திறந்தாலே ‘உள்ளது உள்ளபடி’ என்பார். அதனால் அவருக்கு உள்ளபடி சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு ‘கே’ குறைந்தால் பெற்ற பிள்ளையைத் தொலைத்தவர் முகத்தோடு வந்து நிற்பார்.

ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். ஒருவர் இடது அறையில், இன்னொருவர் வலது அறையில். ஒருவரோடு ஒருவர் அதைப் பற்றிப் பேசக் கூடாது. கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாத இடத்தைச் சிவப்பாகக் காட்டும். நடுவில் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து, மூலப் பக்கத்தைப் பார்த்து, எது சரி என்று சொல்லும் ஆள் நான். என் முன்னால் மூன்று பொத்தான்கள். இடது தப்பு, வலது தப்பு, மூலம் மங்கல். மூன்றாவதை அழுத்தினால் பழி யார் தலையிலும் விழாது. இந்த உத்தியோகத்தினால் எனக்கு ‘தீர்ப்பு’ என்று பட்டப்பெயர். என் வாய்க்கும் கோபத்துக்கும் அது பொருத்தமாகவே இருப்பதாகச் சொல்வார்கள்.

வலது அறையில் இருந்தவளை மின்னல் என்போம். விரல் ஓடுகிற வேகம் அப்படி. இடது அறையில் இருந்தது என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா. வேறு எந்த ஆபீஸிலும் நாத்தனாருக்குத் தீர்ப்புச் சொல்லத் தம்பி பெண்டாட்டியை உட்காரவைக்க மாட்டார்கள். எங்களுக்குள் இருந்த பாசத்தை எல்லோரும் நேரில் பார்த்திருந்ததால் இங்கே யாருக்கும் நான் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்வேன் என்ற சந்தேகமே வரவில்லை.

நான் கல்யாணமாகி வந்தபோதே அவர் அந்த வீட்டில்தான் இருந்தார். புருஷன் போன பிறகு தம்பியோடு வந்து தங்கியவர். எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்ததும் அவர்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்து பார்த்தால் தெரியும். நான் வைத்த பாத்திரத்தை இரண்டு விரல்கடை நகர்த்தி வைப்பார். நான் துடைத்த மேஜையை மறுபடி துடைப்பார். நான் ஒரு கதை சொன்னால், ‘அது செவ்வாய்க்கிழமை இல்ல, புதன்’ என்று நடுவில் நுழைவார். நான் மடித்த போர்வையைப் பிரித்து, உதறி, மறுபடி மடித்து வைப்பார். அவர் காது கேட்காத இடத்தில் நானும் என் வீட்டுக்காரரும் அவரைத் ‘திருத்தம்’ என்றுதான் சொல்வோம். ‘திருத்தம் எழுந்தாச்சா?’ ‘திருத்தம் குளிக்குது, டீயை நீயே போட்டுக் குடிச்சிடு.’ இப்படி.

இப்படிப்பட்டவர் ஆபீஸில் மட்டும் ஓர் எழுத்தையும் திருத்த மாட்டார். அதுதான் எனக்கு ஆச்சரியம். அத்தனை வருஷத்தில் அவர் பக்கத்தில் சிவப்பு விழுவதே அபூர்வம். ‘அங்க திருத்தாம அடக்கி வச்சதெல்லாம் வீட்டுல வந்து வெடிக்குது’ என்பார் என் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், அழுத்தம் வெடிப்பு எல்லாம் அவருக்குத் தெரியும்.

அந்த வருஷம் எங்களுக்கு வந்தது வீட்டு நிர்வாகம் பற்றிய ஒரு தடிமனான புத்தகம். யாரோ ஒரு சீமாட்டி எழுதியது. துணியை எப்படி வெளுப்பது, வெள்ளியை எப்படித் துலக்குவது, வேலைக்காரிகளை எப்படி வேலை வாங்குவது என்று பக்கம் பக்கமாக உபதேசம். ‘இந்தம்மாவும் யாருக்கோ நாத்தனாராத்தான் இருந்திருக்கணும்’ என்று நான் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். மின்னலுக்குப் புரையேறிவிட்டது. நாத்தனார் மட்டும் சிரிக்காமல், ‘விஷயம் தெரிஞ்ச பொம்பளை’ என்றார்.

அந்தப் புத்தகத்தில்தான் ஆரம்பித்தது. என் திரையில் சிவப்பு தெரியத் தொடங்கியது. பார்த்தால் எல்லாம் இடது. மூலத்தில் வாலோடு இருக்கும் ‘கே’யை நாத்தனார் வெட்டியிருந்தார். சோப்புக்குத் தொலைந்துபோன ‘ஏ’யைத் தேடிக் கொடுத்திருந்தார். சீமாட்டி எப்படி எழுதியிருந்தாலும் சரி, நாத்தனார் பக்கத்தில் எல்லாம் இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கும் இங்கிலீஷாக இருந்தது. முதலில் ஏதோ அசதி என்று நினைத்தேன். பிறகு பக்கத்துக்குப் பக்கம் அதுவே வந்ததும் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வீட்டில் என்னைத் திருத்தியது போதாதென்று செத்துப்போன சீமாட்டியையும் திருத்த ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன்.

உள்ளபடி சார் அவரை என் தடுப்புக்கே கூட்டிவந்தார்.

“என்னம்மா இது? நீங்களா இப்படி?”

நாத்தனார் திரையைப் பார்க்கவே இல்லை. “அந்தம்மா தப்பா எழுதியிருக்கா. நான் சரியா அடிச்சேன். அதுல என்ன இப்ப?”

“சரியா அடிக்கிறதுக்கா நாம இருக்கோம்? உள்ளது உள்ளபடி.”

“ஒரே வார்த்தைய மூணு விதமா எழுதுறவளுக்கு என்ன உள்ளபடி வேண்டிக்கிடக்கு?”

இத்தனை வருஷம் உள்ளபடி சார் மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டிய ஆள் இப்படிப் பேசினால் பாவம் அவர் என்ன செய்வார்? கடைசியில், “இந்தப் புத்தகம் முடியறவரைக்கும் பார்ப்பேம்மா. இதே மாதிரி போனா உங்க இடத்துல வேற ஆளைத்தான் போடணும். எனக்கு மேல இருக்கிறவங்க கேப்பாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

சாப்பாட்டு அறையில் நான் பிடித்துக்கொண்டேன். “அண்ணி, உங்க திருத்தத்தை வீட்டோட வச்சுக்கக் கூடாதா? வேலை போயிடும்னு சொல்றார், காதுல விழுதா?”

“விழுது.”

“அப்புறம் என்ன திமிர் இது?”

“ஆமா, திமிர்தான்” என்றார். டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். பதிலுக்குப் பதில் கொடுக்காமல் அவர் எழுந்து போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதிலும் எனக்குக் கோபம்தான் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது நடந்துகொண்டிருந்த காலத்தில் எங்கள் வீட்டில் அமைதியோ அமைதி. நான் மடித்த போர்வை மடித்தபடி இருந்தது. நான் வைத்த பாத்திரம் வைத்த இடத்தில் இருந்தது. என் வீட்டுக்காரர், ‘என்ன, அக்கா உன்கிட்ட சரண்டர் ஆயிட்டாளா?’ என்று கேலி செய்தார். நான் வெளியில் முறைத்தேனே தவிர, உள்ளுக்குள் எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் கழித்து என் கை வேலை இந்த மனுஷிக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் சமையலறையில் தனியாக நின்று அதை நினைத்துச் சிரித்துக்கூட இருக்கிறேன்.

பிறகு அந்தப் பக்கம் வந்தது.

நனைந்த துணியை எங்கே உலர்த்தக் கூடாது என்று சீமாட்டி சொல்லும் பக்கம். நெருப்புக்குப் பக்கத்தில் போடாதே என்கிறாள். ஃபயர் என்ற வார்த்தையை அவள் வழக்கம்போல நடுவில் ஒரு ‘ஒய்’ போட்டு எழுதியிருந்தாள். மின்னல் அதை அப்படியே அடித்திருந்தாள். நாத்தனார் அடித்திருந்தது ‘சன்’. வெயிலில் போடாதே என்று.

என் விரல் பொத்தானுக்குப் போய் நின்றுவிட்டது. ஸ்பெல்லிங்கைத் திருத்துகிறவர் ஃபயரில் இருக்கும் ‘ஒய்’யை எடுத்துவிட்டு ‘ஐ’ போடுவார். நெருப்பை எடுத்துவிட்டு வெயிலைப் போட மாட்டார். அந்த இரண்டு வார்த்தைக்கும் ஓர் எழுத்துக்கூடப் பொது இல்லை. அர்த்தம் மட்டும்தான் பொருந்துகிறது. துணி, உலர்த்துவது, கூடாது என்று முன்னும் பின்னும் இருந்ததை வைத்து, நடுவில் என்ன இருக்கும் என்று யோசித்து அடித்த வார்த்தை அது.

நான் பழைய பக்கங்களை எல்லாம் மறுபடி திறந்தேன். இப்போது வேறு மாதிரி தெரிந்தது. அவர் எதையும் திருத்தவில்லை. எழுத்து தெரியாமல், வார்த்தையின் உருவத்தைத் தோராயமாகப் பார்த்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்து நிரப்பியிருந்தார். தெரிந்த இங்கிலீஷ் நல்ல இங்கிலீஷ் என்பதால் தப்பெல்லாம் சரியாக இருந்தன. பார்க்காமல் படித்திருக்கிறார். பார்க்க முடியாததால் படித்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் வீட்டில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைக் கவனித்தேன். டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது ஆள்காட்டி விரலை விளிம்புக்குள் விட்டிருந்தார், தண்ணீர் விரலைத் தொட்டதும் நிறுத்தினார். அடுப்பு மேடையில் நான் துடைக்காமல் விட்ட டீக்கறை வட்டமாகக் காய்ந்து கிடந்தது. அதன் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு நின்றார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டிலில் நான் அவசரத்தில் சுருட்டி வைத்த போர்வை ஒரு பக்கம் நீண்டு தொங்கியது. அதையும் தாண்டிப் போனார்.

என் கை வேலை பிடித்துப்போய் அவர் சும்மா இருக்கவில்லை. அவருக்கு அது தெரியவே இல்லை. சமையலறையில் தனியாக நின்று சிரித்தேனே, அதை நினைத்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்றேன்.

கேட்டிருக்கலாம். ‘அண்ணி, கண்ணுக்கு என்ன?’ என்று ஒரு வார்த்தை. ஆனால் திமிர் பிடித்தவள் என்று பேர் எடுத்தாலும் பரவாயில்லை, கண் தெரியாதவள் என்று சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிற மனுஷியிடம் எப்படிக் கேட்பது? அந்த நாற்காலியை அவர் எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். காலையில் எல்லோருக்கும் முன்னால் குளித்து, தலை வாரி, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, ‘இன்னும் என்ன பண்ற?’ என்று எனக்குக் குரல் கொடுப்பது அவர்தான். அந்த வேலையும் போய்விட்டால் அவர் என்ன ஆவார் என்று என்னால் யோசிக்கவே முடியவில்லை.

மறுநாள் நான் மூன்றாவது பொத்தானை அழுத்தினேன். இடது பக்கம் சிவப்பு வந்த இடத்தில் எல்லாம் மூலம் மங்கல், மூலம் மங்கல். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்த பக்கம் அது. என் வேலையில் நான் சொன்ன முதல் பொய்த் தீர்ப்பு. அப்போது அது எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை, நல்லது செய்கிறோம் என்ற நிம்மதிதான் இருந்தது.

சாயங்காலம் உள்ளபடி சார் இடது அறைக்கே போய், “பார்த்தீங்களா, இன்னிக்கு உங்க பேர்ல ஒண்ணுகூட இல்ல. மனசு வச்சா உங்களால முடியும்மா” என்று சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் நாத்தனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வழக்கமாக அவருக்கு ஜன்னல் ஓரம் தனி சீட்டு வேண்டும். முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

“உன்கிட்ட ஒண்ணு சொல்றேன், தம்பிகிட்ட சொல்லாத” என்றார். “கொஞ்ச நாளா கண்ணு மங்கலா இருந்துச்சு. நடுவுல ஒரு கறை மாதிரி. ஓரத்துல இருக்கிறது தெரியும், நேரா பார்த்தா எழுத்து மட்டும் அழிஞ்சு போகும். பயந்துட்டேன். நாளைக்கு லீவு போட்டுட்டுக் கண் டாக்டர்கிட்ட போகலாம்னு இருந்தேன்.”

“போங்கண்ணி. நான் கூட வர்றேன்.”

“இனிமே எதுக்கு? இன்னிக்குப் பாரு, ஒரு தப்பும் இல்லையாம். எனக்கு ஒண்ணும் வித்தியாசமா தெரியலதான். ஆனா அவர் சொல்றாரே. தானா சரியாயிட்டு வருது போல.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் வேற எவ்வளவு பயந்தேன் தெரியுமா.”

அந்தக் கையை நான் என்ன செய்வேன்? என் கல்யாணத்தன்றுகூட அவர் என் கையைப் பிடித்ததில்லை. நான் அழுத்திய பொத்தானை நம்பி இந்த மனுஷி டாக்டரிடம் போகாமல் இருக்கப் போகிறார். வேலையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து அவர் கண்ணுக்கு நானே குழி வெட்டியிருக்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும், மூடியிருந்த ஒரு கடை வாசலில் அவரை நிறுத்தினேன்.

“அண்ணி, இன்னிக்கும் தப்பு இருந்துச்சு. நேத்து அளவுக்கு இருந்துச்சு. நான்தான் மூலம் மங்கல்னு போட்டு மறைச்சேன்.”

அவருக்கு முதலில் பிடிபடவில்லை. மறுபடி சொன்னேன். நெருப்பு வெயிலானதையும் சொன்னேன். டீக்கறையையும், தண்ணீருக்குள் விட்ட விரலையும் சொன்னேன். ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத வாய் இது.

“மறைச்சியா” என்றார். கையை விட்டுவிட்டார். “ஒரு சாயங்காலம். ஒரே ஒரு சாயங்காலம் நிம்மதியா இருந்தேன். அதுவும் பொய்யா?”

“ஆமா.”

“என்னை இப்படி ஏமாத்த உனக்கு எப்படி மனசு வந்துச்சு?”

எனக்கும் கோபம் வந்துவிட்டது. “நீங்க மட்டும்? திமிர்ல திருத்தினேன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்களே. நான் உங்களை என்னென்ன நினைச்சேன் தெரியுமா? வாயைத் திறந்து கண்ணு தெரியலன்னு சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?”

“என்ன குறையுமா? தம்பி வீட்டுல இருக்கேன்டி. சம்பாதிச்சுக்கிட்டு இருக்கிற அக்கா வேற. கண்ணு தெரியாம ஒரு மூலையில உட்கார்ந்து, யாராவது தட்டுல போட்டுக் கொடுப்பாங்களான்னு காத்துக்கிட்டு இருக்கிற அக்கா வேற. எனக்கு அந்த மூலை வேண்டாம்.” பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். “உன்னோட போர்வை, பாத்திரம் எல்லாம் எனக்கு இப்பக் கோணலாத்தான் தெரியுது. கதவு, ஜன்னல், நேர்க்கோடு எல்லாமே கோணலாத்தான் தெரியுது. அதுல உன் மடிப்பு எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவருக்கும்தான். கடை வாசலில் இரண்டு பெண்கள் நின்று அழுவதைப் போகிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் மூவரும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதல் நாள் ராத்திரியே நாத்தனார் தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். சர்க்கரை வெகு நாளாக ஏறிக் கிடந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. கண்ணுக்குள்ளே நடுப்பகுதியில் நீர் கோத்திருப்பதாக டாக்டரம்மா சொன்னார். இடது கண்ணில் போனது போனதுதான், திரும்பாது. வலது கண்ணை ஊசி போட்டு இருக்கிற அளவில் நிறுத்திப் பார்க்கலாம். “இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ரெண்டும் இதே கதிதான்” என்றார். நாத்தனார் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. ஆனால் நாற்காலியின் கைப்பிடியில் இருந்த என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

ஊசி போட்டு, கட்டோடு வெளியே வந்ததும் அவர் என்னிடம் சொன்னது இது: “அந்தப் பக்கங்களைத் திரும்ப எடுத்து, என் பேர்லயே தப்பைப் போட்டுடு. பாவம், அந்தம்மா ஒழுங்காத்தான் எழுதியிருக்கா. மங்கல் அவகிட்ட இல்ல.”

நான் போட்டேன். ஒவ்வொன்றாக. இடது தப்பு, இடது தப்பு. உள்ளபடி சாரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “நானும் பார்க்கலையே. திமிர்னுதான் நானும் நினைச்சேன்” என்றார். ஆனால் நாற்காலியைக் காலியாக வைத்திருக்க அவரால் முடியவில்லை. இடது அறையில் புதுப்பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். வந்த அன்றைக்கே ‘எஸ்’ஸை எல்லாம் ‘எஃப்’ என்று அடித்து என் திரையைச் சிவப்பாக்கினாள்.

வீட்டில் நாத்தனார் எதற்குப் பயந்தாரோ அதுவே நடந்தது. அவராகவே போய் ஜன்னலுக்குப் பக்கத்தில் மூலையில் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், முடிந்ததும் மறுபடி அங்கே. டீ சரியில்லை என்று சொல்ல மாட்டார். நான் வேண்டுமென்றே நாளை மாற்றிக் கதை சொன்னேன், திருத்தவில்லை. பாத்திரத்தை மேடை விளிம்பில் வைத்தேன். போர்வையைக் கோணல் மாணலாக மடித்து அவர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தேன். தினமும் வைத்தேன். அவர் கை அதன் மேல் படும், ஒரு வார்த்தை வராது. “திட்டுங்க அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று ஒரு நாள் வாய்விட்டே கேட்டேன். சிரித்தார், அவ்வளவுதான். அந்த வீட்டில் ஒரு காலத்தில் நான் எவ்வளவு ஆசைப்பட்ட அமைதி அது. இப்போது அதைத் தாங்க முடியவில்லை.

ஊசிகள் போட்டுக்கொண்டே வந்தோம். வலது கண் நின்றது, மேலும் மோசமாகவில்லை. பெரிய உருவங்கள் தெரியும், முகம் கிட்டத்தில் வந்தால் தெரியும். எழுத்து தெரியாது. அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். துவைத்து உலர்ந்த துணிகளை அவர் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அலுத்துப்போயிருந்தது. கோணலாக மடித்து அவரை உசுப்பிப் பார்க்கிற விளையாட்டெல்லாம் இனிப் போதும் என்று விட்டுவிட்டேன். பெரிய போர்வையை எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, தடவித் தடவி, என் வாழ்நாளில் மடிக்காத அளவுக்கு ஒழுங்காக மடித்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

அவர் கை அதன் மேல் போனது. விளிம்பு வரை ஓடியது. திரும்பி வந்தது. இன்னொரு தரம் போனது.

“இது என்ன மடிப்பு?” என்றார்.

நான் கையில் எடுத்த துணியைக் கீழே வைத்தேன்.

“இத்தனை நாளா வேணும்னே கோணலா மடிச்சு வச்சியே, அது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? என் மேல இரக்கப்பட்டு மடிச்சது அது. அதைத் திருத்துறதுக்கு நீ வேற ஆளைத்தான் பார்க்கணும். வாயைத் திறக்கக் கூடாதுன்னு இருந்தேன்.” போர்வையை ஒரே இழுப்பில் பிரித்தார். “இது நீ நிஜமா மடிச்சது. இப்படியாடி மடிப்பாங்க? உள் ஓரம் சுருண்டு கிடக்கு, மூலை மூலையோட சேரல. இத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்தும் இந்த லட்சணம்னா, இந்த வீட்டுல நான் எப்படி மூலையில உட்கார முடியும்?”

எழுந்து நின்றுவிட்டார். என் வீட்டுக்காரர் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். திருத்தம் திரும்பிவிட்டது என்று நான் கண்ணாலேயே சொன்னேன். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

“நான் ஒழுங்காத்தான் மடிச்சேன் அண்ணி” என்றேன்.

“அழுதுக்கிட்டே பேசாத, ஒண்ணும் புரியல. அந்த ஓரத்தைப் பிடி.”

பிடித்தேன். அவர் மறு ஓரத்தைப் பிடித்து ஓர் உதறு உதறினார்.